துருவைக் கழுவினால் போதுமா?



ஆட்டோமொபைல் படிக்கிறவன் என்று தெரிந்தால் போதும். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், தெருமுனை டாக்சி டிரைவர் என்று எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, பழைய வண்டி, அடிக்கடி சூடாகுது. என்ன பண்ணலாம்?" நாமும் ரெடியாக ஒரு பதில் வைத்திருக்கிறோம். "ராடியேட்டரைக் கழுவிடலாம் சார்!" கழுவுகிறோம். காப்பித் தண்ணி மாதிரி சிவப்பாக வடிகிறது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் சில மாதங்களில் அதே வண்டி, அதே சூடு, அதே சிவப்புத் தண்ணி. கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம்.

அப்படித்தானா? இல்லை என்பது என் கருத்து. வண்டி பழசு என்பதால் மட்டும் துரு வருவதில்லை. தினமும் காலையில் நாம் ஊற்றுகிற புதுத் தண்ணீரால் வருகிறது.

அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். உத்தரபாராவில் 2014-ல் தயாரிப்பு நின்றுபோனாலும், வீட்டு வாசலில் துணி போட்டு மூடி இன்னும் பலர் காப்பாற்றி வருகிறார்கள். அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. ராடியேட்டர் செம்பும் பித்தளையும். இணைப்புகளில் ஈயப்பற்று. இத்தனை உலோகமும் ஒரே தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் என்ன ஆகும்? முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரியில் படித்த கால்வானிக் செல்தான்! செம்பு தப்பித்துக்கொள்ளும், இரும்பு அரிபடும்.

ஆனால் துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். மூடிய அமைப்புக்குள் இருக்கும் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதன் பிறகு துரு வேகம் குறைய வேண்டும். ஏன் குறைவதில்லை? எங்கோ ஒழுகுகிறது, நாம் தினமும் அரை லிட்டர் ஊற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது. போர் தண்ணீராக இருந்தால் கூடவே கால்சியமும் மெக்னீசியமும் போகின்றன. பசியோடு இருக்கிற துருவுக்கு நாமே சோறு ஊட்டுகிறோம்!

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெப்பம் கடத்தும் திறன் செம்புக்குச் சுமார் 400, வார்ப்பிரும்புக்குச் சுமார் 50. தண்ணீரில் படிகிற சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 2 தான். அதாவது ஒரு மில்லிமீட்டர் படிவு, 25 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு போடுகிற தடையைப் போடும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் உள்ளே இருக்கிற சூடு தண்ணீருக்கு வந்து சேர்ந்தால்தானே வெளியே போகும்?

சரி, கழுவவே வேண்டாமா? கண்டிப்பாகக் கழுவ வேண்டும், ஆனால் முறையாக. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ராடியேட்டர் டேப்பை மட்டும் திறந்தால் பாதி அழுக்கு பிளாக்கிலேயே தங்கிவிடும். பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு டேப் உண்டு. அதைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை, சேறு அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்தினால் வரும்.

அப்புறம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தண்ணீரை எதிர்த்திசையில் விட வேண்டும். ராடியேட்டருக்குக் கீழிருந்து மேலே, பிளாக்குக்கு மேலிருந்து கீழே. வழக்கமான ஓட்டத்தில் சிக்கிக்கொண்ட துகள் எதிர்த்திசையில்தான் கிளம்பும்.

இதற்கும் மசியாத துருவுக்கு சிலர் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். அது துருவோடு நல்ல இரும்பையும் ஈயப்பற்றையும் சேர்த்துத் தின்றுவிடும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் போகாமல் கலந்து, எஞ்சினை அரை மணி நேரம் ஐடிலில் ஓட்டினாலே நல்ல பலன் தெரியும். அதையும் ராத்திரி முழுக்க உள்ளே விட்டு வைக்கக் கூடாது. வடித்துவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீர் விட்டு, தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பிரீமியர் பத்மினி என்றால் கூடுதல் கவனம் தேவை. அதன் ஹெட் அலுமினியம், எனவே சலவை சோடா பக்கமே போகக் கூடாது. ராடியேட்டர் டியூப்களே அடைத்திருந்தால் இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. ராடியேட்டர் கடையில் கொடுத்து, டேங்கைப் பிரித்து டியூப் டியூபாகக் குத்தி எடுக்க வேண்டியதுதான்.

இங்கேதான் ஒரு தர்மசங்கடம் வரும். பல இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தத் துருதான்! கழுவியதும் கோர் பிளக்கில் ஒழுகும், வாட்டர் பம்ப்பில் ஒழுகும். "நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டியேப்பா" என்பார் உரிமையாளர். அவர் மேல் தப்பில்லை. டாக்சி ஓட்டுகிறவருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அதனால் கை வைப்பதற்கு முன்பே, "சார், கழுவினா ஒழுகல் வெளியே வரலாம், அதுக்கும் செலவாகும்" என்று சொல்லிவிட வேண்டும். ரிப்பேர் வேலையில் பாதி இந்த நேர்மைதான்.

கழுவி முடித்ததும் இரண்டு வசனங்கள் காதில் விழும். ஒன்று, "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குப்பா தெர்மோஸ்டாட்? தூக்கிப் போடு." அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். சந்தேகம் இருந்தால் அதைப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாருங்கள். திறந்தால் மாட்டுங்கள், திறக்காவிட்டால் புதுசு வாங்குங்கள்.

இரண்டாவது, "இங்கே என்ன பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்கு?" பனிக்காக இல்லை ஐயா, துருவுக்காக! அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் நமக்கு முக்கியம். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்குகிற நாம், எஞ்சினுக்கு மட்டும் குழாய்த் தண்ணி ஊற்றலாமா? ஈயப்பற்றுக்கும் பித்தளைக்கும் ஒத்துவரும் கூலண்டாகப் பார்த்து, டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, அலசிய அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும். அழுக்கு நீங்கிய பச்சை இரும்பு சீக்கிரமே மறுபடி துருப்பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் கடும் விஷம். குழந்தைகளும் நாய்களும் நடமாடுகிற இடத்தில் திறந்து வைக்கவோ கொட்டவோ கூடாது.

"இனி எல்லாம் மின்சாரக் கார், இதெல்லாம் எதுக்குடா படிக்கணும்?" என்று கேட்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பல மின்சாரக் கார்களின் பேட்டரியைச் சுற்றியும் கூலண்ட்தான் ஓடுகிறது. உலோகம், திரவம், வெப்பம், இந்த மூன்றின் சண்டை எங்கேயும் போகாது.

பட்டறையில் இருபது வருடம் உழைத்த மேஸ்திரியின் கைப்பழக்கம் நமக்கு இல்லை. அவரிடம் பணிவோடு கற்றுக்கொள்வோம். ஆனால் "ஏன்?" என்று கேட்கத்தானே நம்மை மூன்று வருடம் படிக்க வைக்கிறார்கள்! தண்ணீர் எங்கே போகிறது என்று தேடி ஒழுகலை அடைக்காமல், நைந்த மூடியை மாற்றாமல், துருவை மட்டும் கழுவி அனுப்பினால் அது பாதி வேலைதான்.

எனவே நண்பர்களே, அடுத்த முறை வண்டியை ஒப்படைக்கும்போது தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். "ஒரு வாரம் கழிச்சுக் கொண்டு வாங்க சார், பார்த்துடலாம்" என்று சொல்லுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கூச்சப்படாமல் மறுபடியும் தேடுவோம். இறங்காமல் இருந்தால், அன்றைக்குத்தான் நாம் அந்த வண்டியைச் சரிசெய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்!

— இறுதியாண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு