பரண் காலி, மேடை ஃபுல்!

“ஓ.டி.பி பார்க்க மெசேஜுக்குப் போயிட்டு வந்தா, நிரப்பின ஃபார்மெல்லாம் காலி ஆயிடுது கண்ணா! போட்டோ, வீடியோன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். பாதி போன் காலியா இருக்கு. அப்புறமும் ஏன் இப்படி?” - போன வாரம் சித்தி புலம்பினார்.

சித்தி காலி செய்தது பரணை. நிரம்பி வழிந்தது அடுக்களை மேடை!

போட்டோக்கள் தங்கும் ஸ்டோரேஜ்தான் பரண். ஆப்கள் ஓடும் ரேம்தான் மேடை. மேடையில் இடம் போதவில்லை என்றால், பின்னால் காத்திருக்கும் ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிடும். சித்தியின் ஃபார்ம் காணாமல்போனது அப்படித்தான்.

மேடையை அடைப்பவை ஆப்கள் மட்டுமல்ல. பரணிலிருந்து ஃபைல்களை எடுத்துத்தரும் ‘ஃபைல் சிஸ்டம்’ என்கிற புரோகிராமுக்கும் அங்கே இடம் வேண்டும். ஸ்டோரேஜை மிச்சப்படுத்த, போனின் சிஸ்டம் ஃபைல்களைச் சுருக்கி வைக்கலாம். லினக்ஸில் இதற்குப் பல காலமாக இருப்பது ‘ஸ்குவாஷ்எஃப்எஸ்’. இது வழக்கமாக 128 கே.பி அளவை ஒரே மூட்டையாகக் கட்டும். உள்ளே இருந்து 4 கே.பி மட்டும் தேவை என்றாலும், முழு மூட்டையையும் அவிழ்க்க வேண்டும். ஒரு டம்ளருக்காக மொத்தப் பாத்திரங்களையும் மேடையில் கொட்டுகிற கதை!

ரேம் குறைந்த போன்களுக்காக ஹுவாவே பொறியாளர்கள் உருவாக்கியது ‘ஈரோஎஃப்எஸ்’. இதில் இரண்டு சிக்கனங்கள். ஒன்று, சுருக்கிய பிறகு ஒவ்வொரு பொட்டலமும் 4 கே.பி-க்குள் கச்சிதமாக அடங்கும்படி கட்டுவது. தேவையான சின்னப் பொட்டலத்தை மட்டும் எடுத்தால் போதும். இரண்டு, முடிந்தவரை பொட்டலத்தை வைத்த இடத்திலேயே பிரிப்பது. பிரிக்கத் தனி இடம் தேடவேண்டாம். 2018-ல் சோதனை முயற்சியாக லினக்ஸில் நுழைந்தது, 2019-ல் 5.4 பதிப்பில் முழுமையாக இடம்பிடித்தது. இன்று பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தமில்லாமல் வேலை பார்க்கிறது.

12 ஜி.பி ரேம் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கனம் கண்ணிலேயே படாது. 2 ஜி.பி போனில் பென்ஷன், கேஸ், பேங்க் என எல்லாவற்றையும் பார்க்கிற சித்திகளுக்கு ஒவ்வொரு எம்.பி-யும் முக்கியம். யாரோ ஒருவர் கோடில் மிச்சம்பிடித்தால், இங்கே ஒரு பழைய போனின் ஆயுள் கூடுகிறது.

ஃபைல் சிஸ்டத்தை நாமாக மாற்ற முடியாது. அது போன் நிறுவனத்தின் வேலை. நாம் செய்யக்கூடியது இதுதான்: அடுத்த முறை போன் வாங்கும்போது ஸ்டோரேஜோடு ரேமையும் கேளுங்கள். ஃபார்ம் நிரப்பும்போது ஆப்பைவிட்டு வெளியே போகாமல், திரையை மேலிருந்து கீழே இழுத்து நோட்டிஃபிகேஷனிலேயே ஓ.டி.பி-யைப் பாருங்கள்.

சித்திக்கும் இதைத்தான் சொன்னேன். நேற்று மெசேஜ் வந்தது: “ஃபார்ம் போயிடுச்சு கண்ணா... இந்தத் தடவை ஆபீஸுக்கே!”