பாக்கியலட்சுமியின் கண்ணீரும் வீட்டுப் பத்திரமும்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் 2020 முதல் 2025 வரை நம் பெண்மக்கள் விஜய் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து "பாக்கியலட்சுமி" என்னும் நாடகத்தைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, மாமனார் மாமியாருக்குச் சமைத்துப் போட்டே காலங்கழித்த பாக்கியாவைப் புருஷன் கோபி படிப்பில்லாதவள் என்று ஏளனம் செய்து, கல்லூரி நாளில் காதலித்த ராதிகாவை நாடுகிறான். பெண்சாதியை ஏமாற்றி விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்தும் வாங்குகிறான்.

நாடகத்தை அடியோடு குற்றஞ்சொல்ல நாம் வரவில்லை. பிரிந்தவள் கிணற்றில் விழாமல், மசாலாப் பொடி விற்று, சமையல் காண்டிராக்ட் எடுத்துப் பிழைக்கிறாள் என்று காட்டினார்களே, அதில் நமக்கு மெத்தத் திருப்தி. பழைய சினிமாவானால் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செத்திருப்பாள்!

நிற்க. திருட்டுக் கையெழுத்தால் கலியாணம் ரத்தாகிவிடுமோ என்று பார்த்தவர்களுக்குப் பயமுண்டாகலாம். பயம் வேண்டாம். இருவர் சம்மதத்தின்பேரில் விவாகரத்து என்பது இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்ந்தது. அந்தச் சம்மதம் பலாத்காரத்தாலோ மோசடியாலோ வாங்கியதல்ல என்று நீதிபதி திருப்தியடைய வேண்டும். தீர்ப்பாகும் வரை ஒருவர் சம்மதத்தை வாபஸ் வாங்கலாமென்று சுப்ரீம் கோர்ட்டு 1991-லேயே சொல்லிவிட்டது. நீதிபதி முன் நின்று "எனக்கு இஷ்டமில்லை" என்று வாய்திறந்து சொன்னால் அந்த வழக்கு அதோடு நிற்கும்.

நாம் கேட்பது வேறொன்று. பிரிந்துபோன கோபி வீட்டுக்குப் பணங் கேட்கிறானே, அது யார் வீடு? பிள்ளைகள் கலியாண வயதுக்கு வரும்வரை இவள் அடுப்பில் வெந்திராவிட்டால் அவன் நிம்மதியாய்ச் சம்பாதித்திருப்பானா? இந்தக் கேள்வி வந்ததும் நாடகம் கண்ணீருக்கும் சவாலுக்கும் தாவிவிடுகிறது. மனைவியின் வீட்டுவேலையும் சொத்து சேர உதவியதே, ஆகையால் அவளுக்குச் சமபங்குண்டு என்று ஒரு வழக்கில் சென்னை ஐகோர்ட்டு 2023-ல் தீர்ப்பளித்தது. ஆனால் பிரியும்போது பாதி மனைவிக்கு என்னும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. கோவாவில் தம்பதிகளின் சொத்து பொதுச் சொத்து!

1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் விவாக விடுதலையும் பெண்ணுக்குச் சொத்தும் வேண்டுமென்று தீர்மானித்தபோது சிரித்தார்கள். முன்னது 1955-ல் சட்டமாயிற்று. மகள் பங்கு தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது. மனைவி பங்கு இன்னும் வந்தபாடில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாளெல்லாம் தையல் மிஷினில் குனிந்து உழைக்கும் சகோதரிகள், தங்கள் சம்பளமும் போட்டு வாங்கிய மனையின் பத்திரம் யார் பேரில் இருக்கிறதென்று இன்றிரவே பெட்டியைத் திறந்து பார்ப்பார்களாக.