ஏழாம் நம்பர் மலை

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கண்டிக்காரர்கள் போவதற்கென்று சில இடங்கள் இருக்கின்றன. பிள்ளைகுட்டிக்காரர்களுக்குப் பேராதனைப் பூங்கா, இளவட்டங்களுக்கு ஹந்தானை, துணிந்தவர்களுக்கு மீமுரே. சில காலமாக லூல்கந்துரவும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. குளிர், பனிமூட்டம், தேயிலை, வெள்ளைக்காரன் இருந்த இடம். இங்கிலாந்துக்குப் போகக் காசில்லாதவனுக்கு இது போதும் என்பார் என் நண்பர் ஒருவர். இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் உள்ள வேறுபாடு அவருக்கு ஒரு பொருட்டில்லை. இங்கே தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் கேட்டிருந்தால் கோபித்திருப்பார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஊடறுத்துப் போகும் கலஹா வீதியில் ஏற வேண்டும். பலா, கமுகு, மிளகுக்கொடி சுற்றிய மரங்கள் என்று கிராமத்து வீட்டுத் தோட்டங்கள் கொஞ்ச தூரம் கூடவே வரும். பிறகு அவை பின்தங்கி, தேயிலை முன்னுக்கு வரும். கலஹாவைத் தாண்டித் தெல்தோட்டை. பலரும் இங்கே பிளேன்டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். பக்கத்துப் போப்பிட்டியில்தான் அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் வாழ்ந்தார் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. தேயிலைக் கதையைக் கேட்க வருகிறவர்களுக்கு இந்த மலையில் ஒரு புலவரும் இருந்தார் என்பது தொந்தரவான செய்தியாக இருக்கலாம்.

லூல்கந்துரத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் காட்டுவதெல்லாம் டெய்லரைத்தான். பாறை விளிம்பில் அவர் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்த கல்லிருக்கை, அவருடைய மரக்குடிலில் மிஞ்சிய புகைபோக்கி, ஒரு கிணறு. 1852இல் பதினேழு வயதுகூட நிறையாமல் கோப்பித் தோட்டத்து வேலைக்கு வந்த பையன் அவர். 1867இல் ஏழாம் நம்பர் மலையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் தெரிய வந்தது. அந்த நோய் பரவிப் பரவி நாட்டின் கோப்பியையே அழித்தபோது, துரைமார்கள் திரும்பிப் பார்த்த இடங்களில் முதன்மையானது இந்த மலை. பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பில் காயவைத்துத்தான் முதல் தேயிலை தயாரானது. 1873இல் லண்டனுக்குப் போன சரக்கு வெறும் 23 இறாத்தல்.

டெய்லர் வேலைக்காரர். சந்தேகமில்லை. நாற்பது ஆண்டு இங்கேயே கிடந்தார். லீவு எடுத்தது 1874இல், அதுவும் டார்ஜிலிங்கில் தேயிலை பார்க்க. அப்படிப்பட்டவரையே 1892இல் தோட்டத்துச் சொந்தக்காரர்கள் வெளியேறச் சொன்னார்கள். வெளியேறுமுன்பே, அதே ஆண்டு மே மாதம், வயிற்றுக்கடுப்பு வந்து இறந்துபோனார். பாரமான உடம்பு. தோட்டத்து ஆட்கள் 24 பேர் இரண்டு பங்காகப் பிரிந்து, மாறி மாறித் தோள்கொடுத்துக் கண்டி மஹய்யாவை மயானம்வரை சுமந்து வந்தார்கள் என்பார்கள். அந்தப் பாதையில் இப்போது வாகனத்தில் வந்தாலே இடுப்பு வலிக்கிறது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? பெரும்பகுதி அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களால். அவை எடின்பரோவில் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அஞ்சலா மக்கார்த்தியும் டி.எம். டிவைனும் 2017இல் டெய்லரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியது அவற்றை வைத்துக்கொண்டுதான். தோள்கொடுத்த 24 பேரில் எவருடைய பெயரும் எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகளாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டார்களா, யாரைக் கொண்டு எழுதினார்கள், கிடைத்தவர்கள் அதை எந்தப் பெட்டியில் வைத்தார்கள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே கல்லிருக்கையிலிருந்து இறங்கி வந்தேன்.

கொழுந்து மடுவத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா, நான் கேட்காமலே வழி சொன்னார். "தொர சீட்டு பாத்தாச்சா? ஏழாம் நம்பர் அந்தப் பக்கம் தம்பி." படம் எடுப்பவர்கள் நிறைய வருகிறார்களா என்று கேட்டேன். "லீவு நாள்ல வருவாங்க. கூடையை மாட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுவாங்க. படம் அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போவாங்க."

"விலாசம் குடுப்பீங்களா?"

"என்னா விலாசம்? தோட்டத்துப் பேரு, டிவிசன் பேரு, அப்புறம் எம் பேரு. எம் பேருல இங்க நாலு பேரு இருக்காங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மலையகம் முழுக்க உள்ள கதை இது. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபீசுக்குப் போகும். அங்கிருந்து யாரோ ஒருவர் கையில், எப்போதோ ஒரு நாள், லயத்துக்கு வரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் வந்த கதையைக் கண்டியில் ரியூசன் கொடுக்கும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

பக்கத்து மலைச்சரிவில் உள்ள சிங்களக் கிராமத்தில் முப்பது வீடுதான் இருந்தாலும் அது கிராமம். நூறு குடும்பம் இருக்கும் லயங்களோ தோட்டத்தின் சொத்து. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமும் அப்படித்தான் பார்த்தது. அதன் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றதால், தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடக்கூடச் சபைகள் தயங்கின. இத்தனைக்கும் அந்தச் சபைகளுக்கு லயத்து மக்களும் வாக்களித்தார்கள், உறுப்பினர்களையும் அனுப்பினார்கள். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. 1948இல் பறிபோன குடியுரிமை முழுமையாகத் திரும்பிவர 2003 ஆனது. பாதைக்கும் விளக்குக்கும் இன்னும் 15 ஆண்டு பிடித்தது. கதவில் ஓர் இலக்கம் எழுத எவ்வளவு பெயின்ட் தேவைப்படும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்களா தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் லூல்கந்துரவுக்குப் போகாதீர்கள் என்று அர்த்தமில்லை. போங்கள். மாசி, பங்குனியில் போனால் இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் எதிலாவது காமன் கூத்து நடக்கும். ரதி அழ, தப்புச் சத்தம் மலைக்கு மலை எதிரொலிக்க, விடிய விடிய ஆடுவார்கள். ஸ்டோருக்குப் பக்கத்தில் ரோதை முனிக்கு ஒரு கல்லும் சூலமும் இருந்தால் அதையும் பாருங்கள். இயந்திரம் கையை வாங்கிவிடாமல் காப்பதற்கென்றே தொழிற்சாலைக்குள் பிறந்த சாமி அது, இந்தியாவிலிருந்து கொண்டுவந்ததல்ல. என்னைக் கேட்டால், புகைபோக்கியைவிட அதில் பார்க்க நிறைய இருக்கிறது. டெய்லருக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்கலாம்.

அக்கா மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபோது கடையடியில் அவருக்கு ஒரு பொட்டலம் காத்திருந்தது. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் கூரியரில் அனுப்பியது. மேலே பேனாவால் எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தேன்: கோயிலுக்குப் பணிய லயம், கடைசிக்கு முந்தின காம்பரா, நீலக் கதவு, கீழே தொலைபேசி இலக்கம். கூரியர் பையன் இதுவரை ஒரு தடவைகூட ஆள் மாறிக் கொடுத்ததில்லையாம்.