என் தலைக்கட்டு வரி ஏன் இன்னும் வரவில்லை?

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுத்து வாசியுங்கள்.

நம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி கொடுக்காதவர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. "வாத்தியார் நாத்திகராகிவிட்டாரா?" என்று உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி. என் அக்கா மகன் ஒரு படி மேலே போய், "மாமா, பக்தி வளர்ந்தால் ஒழுக்கம் வளரும். ஊர் நன்றாக இருக்கும். அதை நீங்களே தடுக்கலாமா?" என்று எழுதியிருக்கிறார். மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

நான் நாத்திகன் அல்ல. இன்று காலையும் திருநீறு பூசிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் பக்தி வளர்ந்தால் ஒழுக்கம் தானாக வளரும் என்பதை, 34 வருடம் வரலாறு நடத்திய என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

என் அம்மாவைவிடப் பெரிய பக்தையை நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தை ஒருநாளும் விட்டதில்லை. வாசலில் வந்து நின்றவர்களை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அதே அம்மா, நம் வயலில் கதிர் அறுத்துக் களைத்து வந்தவர்களுக்குச் சிரட்டையில்தான் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றியவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. அந்த இரக்கம் எந்தத் தெரு வரை போகலாம் என்று ஊர் ஒரு கோடு போட்டிருந்தது. பக்தி அந்தக் கோட்டை அழிக்கவில்லை. தீட்டு என்று பெயர் வைத்து அதற்குக் காவல் இருந்தது.

மதுரையைப் பாருங்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அவர் பக்தர். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று கொதித்து எழுந்தவர்களும் பக்தர்கள்தான். கும்பிட்டது ஒரே மீனாட்சியை. பிறகு எங்கே வேறுபாடு? பக்கத்தில் நிற்பவனும் தன்னைப்போல் மனிதன் என்று ஒருவர் நினைத்தார், மற்றவர்கள் நினைக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்த மனசு எல்லாருக்கும் வரட்டும் என்று காத்திருக்க முடியாமல்தான் 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்குப் பிறகும் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலுக்கு விசாரணைக்குப் போன மாவட்ட ஆட்சியர், அங்குள்ள பட்டியலின மக்களைத் தாமே அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போகவேண்டியிருந்தது. இத்தனை வருடமும் அங்கே பக்திக்கா பஞ்சம்?

"சார், வள்ளலாரை மறந்துவிட்டீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். மறக்கவில்லை. 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையில் இன்றும் சோறு போடுகிறார்கள். சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. அதுவும் கடவுள் நம்பிக்கையில் விளைந்ததுதான். நம்பிக்கை வண்டி மாடு மாதிரி. நன்றாக இழுக்கும். எந்தப் பக்கம் திருப்புவது என்பது ஓட்டுகிறவன் கையில் இருக்கிறது.

கடவுளை விரட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை ஆண்ட போல் பாட் அரசு மதத்தை ஒடுக்கி, புத்த பிக்குகளைத் துரத்தியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டதுதான் மிச்சம். ஆக, சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் ஒருவர் நல்லவர் என்பதற்குச் சான்றிதழ் ஆகாது. வேண்டாதவர் என்று ஒதுக்கி வைத்தவரை அவர் எப்படி நடத்துகிறார் என்று பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

இப்போது வரி விஷயத்துக்கு வருகிறேன். காலனியில் உள்ள குடும்பங்கள் தாங்களாகவே வரிப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். கமிட்டி வாங்க மறுத்திருக்கிறது. "வரி வாங்கினால் நாளைக்குத் திருவிழாவில் உரிமை கேட்பார்கள்" என்று ஒரு பெரியவர் என்னிடமே காரணம் சொன்னார். ஆமாம், கேட்பார்கள். கேட்கத்தானே வேண்டும்?

காலனிப் பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தவர்கள். இந்தப் பதிவையும் வாசிக்கிறீர்கள். போன கும்பாபிஷேகத்தின்போதும் உங்கள் வீடுகளில் வரி வாங்கவில்லை. அது தெரிந்தும் என் வரியை மட்டும் கட்டிவிட்டு, முன்வரிசையில் நின்று தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தேன். வகுப்பில் உங்களுக்குச் சமத்துவம் நடத்தியவன் நான். என்னை மன்னித்துவிடுங்கள்.

மாப்பிள்ளை, என் வரிப் பணம் பீரோவில் தயாராக இருக்கிறது. காலனியின் முதல் வீட்டு வரிக்கு ரசீது போடுங்கள். அடுத்த ரசீது என் பெயரில் இருக்கட்டும். அன்றைக்குப் பக்தியால் ஊர் திருந்தியது என்று நானே எழுதுகிறேன்.

கோபம் வந்தால் தாராளமாகத் திட்டுங்கள். எழுத்துப்பிழை மட்டும் வேண்டாம்.