யாருக்குப் புதியது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்னும் செய்தி அவ்வப்போது வருகிறது. யாருக்குப் புதியது என்று எவரும் வினவுவதில்லை.

ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, மழைத் தொடக்கத்தில் இனப்பெருக்கத்திற்காகச் சில நாள்களே வெளிவருவது ஊதாத் தவளை. எஸ்.டி. பிஜு, பிராங்கி பொசூய்ட் ஆகிய ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில்தான் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினர். அதன் நெருங்கிய உறவினங்கள் கடல்கடந்து செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. ஆனால், ஓடைப் பாறைகளை வாயால் பற்றிக்கொள்ளும் அதன் தலைப்பிரட்டைகளை இடுக்கி மலைவாழ் மக்கள் உணவாகவே அறிந்திருந்தனர். (அவ்வழக்கம் தவளைக்கு இடராவதும் மெய்யே.) அவர்தம் அறிவு ஏடேறவில்லை.

ஏட்டுப்பதிவு வெறும் சடங்கன்று. ஓடையில் தடுப்பணை கட்டுவோர் பட்டியலிலுள்ள உயிரையே கணக்கில் கொள்வர். பெயரில்லா உயிருக்காக யார் வாதிட இயலும்?

2017இல் திருவில்லிபுத்தூர் அருகே, மலையின் கிழக்குச் சரிவிலிருந்து மற்றோர் இனம் விவரிக்கப்பட்டது. ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரை அது தாங்கியுள்ளது. மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையில் இனம்பெருக்க, இதுவோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஆனியில் மட்டும் தேடிச் செல்பவருக்கு இது அகப்படாது. எந்த மழைக்குப்பின் எந்த ஓடைக்கரையில் மண்ணுக்குள்ளிருந்து குரல் எழும் என்பதை அங்கேயே வாழ்பவர் நன்கறிவர். அவர்களை நன்றியுரையின் ஒரு வரியில் ஒதுக்குதல் முறையன்று. அவர்கள் வழங்கும் பெயரும், கூறும் பருவக்குறிப்பும், வழிகாட்டியவர் இன்னார் என்பதும் ஆய்வுரையின் உள்ளேயே இடம்பெற வேண்டும்.