கண்ணியமான மரணம்: உரிமையும் நிபந்தனையும்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு குடும்பம் நிற்கிறது. “இனி குணமடைய வாய்ப்பில்லை, செயற்கை சுவாசத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று கலந்து பேசிச் சொல்லுங்கள்” என்கிறார் மருத்துவர். பிள்ளைகளின் ஒரு கையில் தாயின் பழைய மருத்துவக் குறிப்புகள்; மறு கையில் அன்றைய கட்டணச் சீட்டு. அவர்கள் எடுக்கப்போகும் முடிவில் அன்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை அவர்களாலேயே பிரித்தறிய முடியாது.

கண்ணியத்துடன் இறப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று 2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஊசி போட்டு உயிரைப் போக்குவதற்கு இன்றும் அனுமதியில்லை. மீள வழியற்ற நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளவே அனுமதி. தமது விருப்பத்தை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். இந்நடைமுறைகள் 2023 சனவரியில் எளிமையாக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். பலனற்ற சிகிச்சையை நீட்டித்துக் கட்டணம் வசூலிப்பதை எவ்வகையிலும் உயிர்ப் பாதுகாப்பு என்று கூற இயலாது.

ஆனால், இந்த விவாதத்திற்கு வித்திட்ட அருணா ஷான்பாக்கின் வாழ்க்கை மற்றொரு உண்மையையும் சொல்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியரான அவர், 1973 நவம்பரில் பணியிடத்திலேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை நாற்பத்தோரு ஆண்டுகளுக்கும் மேலாக அவரைப் பேணியவர்கள் சக செவிலியர்களே. அவரை வெளியேற்றிப் படுக்கையைக் காலி செய்ய மாநகராட்சி முயன்றபோது, போராடித் தடுத்தவர்களும் அவர்களே. அவருக்கு உணவளிப்பதை நிறுத்தக் கோரிய மனுவை 2011இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, அவரைப் பேணியவர்களின் விருப்பத்திற்கே மதிப்பளித்தது. அது ஒரு பொது மருத்துவமனை என்பதாலேயே அத்தகைய பராமரிப்பு சாத்தியமாயிற்று.

ஏழைக் குடும்பங்களின் நிலை வேறு. பணம் தீர்ந்த அன்று, ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்’ என்று கையெழுத்திட்டு நோயாளியை வீட்டிற்குக் கொண்டு செல்கிறார்கள். அங்கே எந்த மருத்துவக் குழுவும் கூடுவதில்லை. நோயாளியின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. வலியைத் தணிக்க மருந்தும் இல்லை. இதைத் தெரிவு என்று அழைப்பது கேலிக்கூத்து. 2021-22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் கையிலிருந்தே செலவிட்டனர். 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைப் பொதுச் சுகாதாரத்திற்கு ஒதுக்குவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை அளித்த உறுதிமொழி நிறைவேறவில்லை.

மாற்று வழி நாட்டிற்குள்ளேயே இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம், 2008இல் கேரள அரசின் கொள்கையாயிற்று. உள்ளாட்சி அமைப்புகளும் செவிலியர்களும் தன்னார்வலர்களும் நோயாளியின் வீடு தேடிச் செல்கின்றனர். மார்பின் கிடைப்பதை எளிதாக்கும் சட்டத் திருத்தமோ 2014இலேயே வந்துவிட்டது. அதனைக் கிராமம்வரை கொண்டு செல்லும் அரசியல் உறுதிதான் தேவை.

ஒவ்வொரு மாவட்டத்திலும் இலவச வலி தணிப்புச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளில் போதிய செவிலியர்கள், பொதுச் சுகாதாரத்திற்கு உயர்ந்த நிதி ஒதுக்கீடு ஆகியவை இறக்கும் உரிமை குறித்த விவாதத்தின் பிரிக்க முடியாத கோரிக்கைகள். நோயாளியின் விருப்பமே இறுதியானதாக இருக்க வேண்டுமெனில், கட்டணச் சீட்டு அந்த முடிவில் குறுக்கிடக் கூடாது.