ஹோட்டல் வீடாகட்டும், ஆனால் அனுமதியோடு ஆகட்டும்



கடற்கரைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஹோட்டலை மாடி வீடுகளாக்கி விற்கப் போகிறார்கள் என்பதுதான் இப்போது ஊரில் எல்லார் வாயிலும் உள்ள கதை. ஒரு பக்கம், எப்படியாவது இதை நிறுத்த வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். மறுபக்கம், அனுமதி கிடைக்கும் முன்னமே முற்பணம் கட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் நம்மவர்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஹோட்டல் வீடாவதை நாம் எதிர்க்கவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி என்று அடி மேல் அடி வாங்கியது நம் பேருவளை, அளுத்கமைக் கரையோரம். கட்டடம் சும்மா பாழடைவதால் யாருக்கும் நன்மையில்லை. ஊரில் ஒரு துண்டுக் காணி வாங்குவது குதிரைக்கொம்பு. கல்யாணம் முடித்து, வாடகை வீடு மாறி மாறி அலையும் இளம் குடும்பங்கள் எத்தனை! வீடு மாறும்போது பிள்ளையின் பாடசாலையும் மாறுகிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் அதை வகுப்பறையில் பார்க்கிறோம்.

ஆனால் ஹோட்டல் வேறு, வீடு வேறு. ஹோட்டலுக்கு வருபவர் நான்கு நாள் இருந்துவிட்டுப் போவார். சமையல் எல்லாம் கீழே ஒரே குசினியில் நடக்கும். அதே அறைகள் வீடானால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு வாஷிங் மெஷின், வருடம் முழுவதும் ஓடும் தண்ணீர், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள். கழிவுநீரையும் குப்பையையும் பார்க்க ஹோட்டலில் சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். நாளைக்கு யார் பார்ப்பது? மணல் தரையில் மலக்குழி நிரம்பினால் முதலில் கெடுவது பக்கத்து வீட்டுக் கிணறுதான்.

இதற்காகத்தான் சட்டம் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி, அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில் புதுக் கட்டடத்துக்கு மட்டுமல்ல, இருக்கும் கட்டடத்தின் பாவனையை மாற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வேலை முடிந்த பின், குடியேறுவதற்கு முன், இணக்கச் சான்றிதழும் வேண்டும். "சுவரை உடைக்கவில்லை, பெயின்ட் மட்டும்தான் அடித்தோம்" என்பது பதிலாகாது.

முற்பணம் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மாடி வீடு உங்கள் பெயரில் தனி உறுதியாக வேண்டுமானால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அந்தக் கட்டடத்தின் கூட்டாதனத் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் பற்றுச்சீட்டு. நாளைக்கு விற்கவும் கஷ்டம், வங்கியில் கடன் எடுக்கவும் கஷ்டம். மத்திய கிழக்கில் வருடக்கணக்காக வெயிலில் உழைத்த காசு அது. கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, வாய்ப்பேச்சை நம்பலாமா?

எதிர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிணறு, பாதை, வாகனத் தரிப்பிடம் என்று சொல்லுங்கள், நாமும் கூட நிற்போம். ஆனால் "வெளியாட்கள் வந்து நிறைந்துவிடுவார்கள்" என்று சிலர் பேசுவது வேறு. வேறு ஊர்களில் நம்மைப் பற்றி இதையே சொன்னபோது நமக்கு எவ்வளவு வலித்தது! 2014 ஜூனில் அளுத்கமை, தர்கா நகர், பேருவளை பட்டதை மறந்துவிட்டோமா? ஆட்சேபணை குழாய்க்கும் குழிக்கும் இருக்கட்டும். மனிதருக்கு வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது எளிது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கு ஒரு விண்ணப்பம் கொடுப்போம். பாவனை மாற்றத்துக்கு விண்ணப்பித்தார்களா, கழிவுநீருக்கு என்ன திட்டம், எத்தனை வாகனத்துக்கு இடம் என்று கேட்போம். கோரிக்கை மீதான முடிவை 14 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். 2023 மார்ச் முதல் 2025 தேர்தல் வரை சபைகளில் உறுப்பினர்கள் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் இதையும் கேட்போம்.

பதில் வரும்வரை கையெழுத்து வாங்குபவர்களும் பொறுங்கள், காசு கட்டுபவர்களும் பொறுங்கள். வீடு தேடும் குடும்பமும், கிணற்றை நம்பியிருக்கும் குடும்பமும் ஒரே ஜமாஅத்தில் தோளோடு தோள் நிற்பவர்கள்தானே.